சுர்மா சீசாவுக்குள் என்ன இருக்கிறது? நாம் கேட்க மறந்த ஒரு கேள்வி

அண்மையில் எங்கள் குடும்பத்தில் ஒரு பிள்ளைக்கு நாற்பது. உம்றாவுக்குச் சென்று திரும்பியிருந்த மாமி ஒருவர் ஸம்ஸம் தண்ணீர், பேரீச்சம்பழத்துடன் ஒரு சின்னச் சுர்மா சீசாவையும் கொண்டு வந்திருந்தார். பிள்ளையைக் குளிப்பாட்டி, உடுப்புப் போட்டு, மடியில் கிடத்தி, இரண்டு கண்ணிலும் சுர்மா இட்டார்கள். எல்லோருக்கும் சந்தோஷம். நான் அந்தச் சீசாவை எடுத்துப் பார்த்தேன். ஒரு பக்கம் கஃபாவின் படம். மறுபக்கம் அறபு எழுத்து. உள்ளே என்ன சேர்ந்திருக்கிறது என்பது எங்கேயும் இல்லை.

"மாமி, இதுல என்ன போட்டிருக்காங்க?" என்று கேட்டேன்.

"மக்காவில வாங்கின சாமான் மகன். அதுல என்ன பிழை இருக்கப் போகுது?" என்றார்.

மாமியைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. என் பிள்ளைகள் சிறுவர்களாக இருந்தபோது நானும் இதே கேள்வியைக் கேட்காமல்தான் இதே சுர்மாவை இட்டிருக்கிறேன். ஆனால் உலகின் பல நாடுகளில் கடைகளில் விற்கப்படும் சுர்மாவைப் பரிசோதித்தபோது, சில மாதிரிகளில் எடையில் பாதியளவுக்கு ஈயம் இருந்தது கண்டறியப்பட்டிருக்கிறது. பிள்ளை கண்ணைக் கசக்கும். அதே கையை வாயில் வைக்கும். கண்ணீரோடு கரைந்தும் அது தொண்டைக்குள் இறங்கும். அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் இந்தக் காரணத்தினால்தான் இவ்வகைச் சுர்மாவை அங்கே விற்பதற்கு அனுமதிப்பதில்லை.

ஒவ்வோர் ஆண்டும் ஒக்டோபர் மாதத்தில் ஈய நச்சுத் தடுப்பு வாரத்தை உலக சுகாதார ஸ்தாபனம் அனுஷ்டிக்கிறது. எமது ஊர்களில் அந்த வாரம் வருவதும் தெரிவதில்லை, போவதும் தெரிவதில்லை. டெங்கு தெரியும், எலிக்காய்ச்சல் தெரியும், போதைப்பொருள் பற்றிக் குத்பாவில் கேட்கிறோம். ஈயம் பற்றி ஒரு வார்த்தையும் கேட்டதில்லை.

சத்தமில்லாத நஞ்சு

முதலில் ஒரு சொற்குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். தமிழில் ஈயம் என்று நாம் இரண்டு உலோகங்களைச் சொல்கிறோம். செம்பு, பித்தளைப் பாத்திரங்களுக்குப் பூசுவது வெள்ளீயம். பற்றரிக்குள் இருப்பதும் மீன்வலையில் கட்டுவதும் காரீயம். நஞ்சு காரீயம்தான். வெள்ளீயம் சுத்தமாக இருந்தால் இந்த ஆபத்து அதில் இல்லை. ஆனால் மலிவுக்காகப் பூச்சில் காரீயத்தைக் கலந்துவிட்டால் அது சோற்றோடு வயிற்றுக்குள் போகும். கந்தூரிக்கும் கல்யாணத்துக்கும் பெரிய பாத்திரங்களில் சமைக்கும் சமூகம் என்ற வகையில், பூசுபவரிடம் எதைப் பூசுகிறார் என்று கேட்கும் உரிமை எமக்கு உண்டு.

உடம்புக்குள் போன ஈயம் கல்சியத்தைப் போல நடிக்கிறது. உடம்பும் ஏமாந்து கல்சியம் போக வேண்டிய இடங்களுக்கெல்லாம் அதை அனுப்புகிறது. எலும்பில் போய்ப் பல வருடங்கள் தங்குகிறது. வளரும் மூளைக்குள் நுழைகிறது. கர்ப்பிணித் தாயின் எலும்பில் பழைய ஈயம் இருந்தால், அது இரத்தத்தில் கலந்து வயிற்றிலுள்ள பிள்ளையையும் சென்றடைகிறது. ஒரே அளவு ஈயத்தை விழுங்கினாலும், பெரியவரின் உடம்பு உறிஞ்சுவதைப்போல நான்கைந்து மடங்கைச் சிறு பிள்ளையின் உடம்பு உறிஞ்சும். பிள்ளைக்கு இரும்புச்சத்தும் கல்சியமும் குறைவாக இருந்தால் இன்னும் அதிகமாக உறிஞ்சும். அதனால் இந்த நஞ்சு ஏழை வீட்டுப் பிள்ளையையே முதலில் பிடிக்கிறது.

இதற்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்பதே உலக சுகாதார ஸ்தாபனத்தின் நிலைப்பாடு. ஒரு டெசிலீற்றர் இரத்தத்தில் 5 மைக்ரோகிராம் ஈயம் இருந்தாலே அது எங்கிருந்து வருகிறது என்று தேடிப்பிடித்து நிறுத்த வேண்டும் என்று அதன் 2021 வழிகாட்டல் சொல்கிறது. யுனிசெஃப் நிறுவனமும் பியூர் ஏர்த் அமைப்பும் 2020 இல் வெளியிட்ட அறிக்கையின்படி உலகில் மூன்று பிள்ளைகளில் ஒருவரின் இரத்தத்தில் அந்த அளவோ அதைவிடக் கூடுதலாகவோ ஈயம் இருக்கிறது. கிட்டத்தட்ட 80 கோடிப் பிள்ளைகள். அவர்களில் அரைவாசிக்குக் கிட்டியோர் தெற்காசியாவில் வாழ்கிறார்கள். அதாவது, எமது அயலில்.

இந்த அளவில் காய்ச்சல் வராது, வாந்தி வராது. பிள்ளை ஓடும், விளையாடும், சாப்பிடும். பாடத்தில் மனம் ஊன்றாது. சொன்னது நினைவில் நிற்காது. கோபம் சட்டென்று வரும். பல நாடுகளில் 1,333 பிள்ளைகளிடம் நடத்தப்பட்ட ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2005 இல் வெளியிட்ட முடிவின்படி, இரத்தத்தில் ஈயம் 2.4 இலிருந்து 10 மைக்ரோகிராமுக்கு உயரும்போது ஐ.கியூ. ஏறத்தாழ 4 புள்ளிகள் குறைகிறது. நான்கு புள்ளி சின்ன விடயமாகத் தோன்றலாம். ஒரு வகுப்புப் பிள்ளைகள் அனைவருக்கும் நான்கு புள்ளி குறைந்தால் அங்கே கெட்டிக்காரப் பிள்ளைகளின் எண்ணிக்கை சுருங்கும், மெல்லக் கற்கும் பிள்ளைகளின் எண்ணிக்கை பெருகும்.

எமது சமூகம் ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சைக்காக எவ்வளவு பாடுபடுகிறது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. வாப்பா வெளிநாட்டில் உழைக்கிறார், உம்மா நகையை அடகு வைக்கிறார், பிள்ளை மூன்று டியூஷனுக்குப் போகிறது. பெறுபேறு குறைந்தால் பிள்ளைக்கு ஏச்சு, சிலவேளை அடி. அந்தப் பிள்ளையின் இரத்தத்தில் என்ன இருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. கிளினிக்கில் எடை பார்க்கிறார்கள், உயரம் பார்க்கிறார்கள், தடுப்பூசி போடுகிறார்கள். ஈயத்துக்கான இரத்தப் பரிசோதனை வழக்கமான கிளினிக்கில் இல்லை.

மருந்தும் பெரிய ஆறுதல் இல்லை. இரத்தத்திலுள்ள ஈயத்தைக் கட்டி வெளியேற்றும் மருந்து உண்டு. மிக அதிகமாக ஏறிய பிள்ளைகளின் உயிரை அது காப்பாற்றும். ஆனால் நடுத்தர அளவில் ஈயம் ஏறிய பிள்ளைகளுக்கு அதைக் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வொன்றின் முடிவு 2001 இல் வெளியானது. இரத்தத்தில் ஈயம் குறைந்தது. பிள்ளைகளின் அறிவாற்றல் மேம்படவில்லை. போனது திரும்பி வராது என்பதால்தான் தடுப்பைத் தவிர வேறு வழியில்லை என்கிறோம்.

எமது வீட்டுக்குள் எந்த வழியாக வருகிறது?

ஒரு காலத்தில் பெற்றோல் புகைதான் முதற்காரணமாக இருந்தது. இலங்கையில் 2002 ஆம் ஆண்டுடன் ஈயம் கலந்த பெற்றோல் முடிவுக்கு வந்தது. உலகில் கடைசியாக அல்ஜீரியா 2021 இல் அதை நிறுத்தியது. எனவே இனிப் பார்க்க வேண்டியவை கையெட்டும் தூரத்தில் உள்ளவை.

சுர்மாவைச் சொல்லிவிட்டேன். அடுத்தது பற்றரி. ஓட்டோ பற்றரி, லொறி பற்றரி, சூரிய மின்கலத்துக்குப் பூட்டும் பற்றரி எல்லாம் பழசானதும் பழைய இரும்புக் கடைக்குப் போகின்றன. எமது சகோதரர்கள் பலர் இந்த வியாபாரத்தில் இருக்கிறார்கள். அது ஹலாலான உழைப்பு, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் வீட்டு வளவில் பற்றரியை உடைப்பதும், தகட்டை உருக்குவதும், அதே உடுப்போடு வந்து பிள்ளையைத் தூக்குவதும் வேறு விடயம். பழைய பற்றரிகள் ஆபத்தான கழிவு வகையைச் சேர்ந்தவை. அவற்றைக் கையாள மத்திய சுற்றாடல் அதிகார சபையின் அனுமதிப்பத்திரம் தேவை.

கரையோர ஊர்களில் வலைக்குக் கட்டும் ஈயக் குண்டை வீட்டிலேயே வார்ப்பதை நான் பார்த்திருக்கிறேன். குசினிக்குப் பின்னால் மூன்று கல் வைத்து அடுப்பு. பழைய சட்டியில் ஈயம் உருகுகிறது. பக்கத்தில் பிள்ளைகள் குந்தியிருந்து வேடிக்கை பார்க்கிறார்கள். ஆறிய குண்டை எடுத்து விளையாடுகிறார்கள். அந்தப் புகையும் தூசும் மண்ணில் படிந்தால் வருடக்கணக்கில் அங்கேயே இருக்கும். மழை கழுவிக்கொண்டு போய்விடும் என்று எண்ணக் கூடாது.

மூன்றாவது பெயின்ட். நோன்புப் பெருநாள் வருமுன் வீட்டுக்கும் பள்ளிவாசலுக்கும் பெயின்ட் அடிப்பது எமது வழக்கம். இலங்கையில் பெயின்ட்டில் ஈயத்துக்கு எல்லை விதிக்கும் வர்த்தமானி 2011 இல் வெளியாகி, 2013 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அன்று எனமல் பெயின்ட்டுக்குப் பத்து இலட்சத்தில் 600 பங்கு, சுவருக்கு அடிக்கும் இமல்ஷன் பெயின்ட்டுக்கும் விளையாட்டுப் பொருட்களின் பெயின்ட்டுக்கும் 90 பங்கு என்று எல்லை வைக்கப்பட்டது. அதற்கு முன்னர் அடித்த எனமல் இன்னும் எத்தனையோ வீட்டு யன்னல் கம்பிகளிலும், மத்ரஸா வாங்குகளிலும், பரம்பரையாக வரும் தொட்டில்களிலும் இருக்கிறது. அதைச் சுரண்டி, உரசி, தூசு பறக்கவிட்டுப் புதுப் பெயின்ட் அடிக்கும்போது, பெருநாளுக்கு வீடு மினுங்கும். தூசு பிள்ளை தவழும் தரையில் கிடக்கும்.

நான்காவது மஞ்சள். 2020 இல் மஞ்சள் இறக்குமதி தடைப்பட்டு விலை ஆயிரக்கணக்கில் ஏறியபோது கலப்பட மஞ்சள் பற்றி எவ்வளவு பேசினோம் என்பது நினைவிருக்கும். தெற்காசியாவின் சில நகரங்களில் மஞ்சளுக்குப் பளிச்சென்ற நிறம் கொடுப்பதற்காக ஈயக் குரோமேற் என்ற சாயத்தைச் சேர்க்கிறார்கள். 2024 இல் வெளியான ஆய்வொன்று பாட்னா, கராச்சி, பெஷாவர் நகரங்களின் மஞ்சளில் மிகக் கூடிய அளவில் ஈயத்தைக் கண்டது. அந்தச் சாயத்தைக் கண்ணால் பிடிக்க முடியாது. சமைத்தாலும் ஈயம் அழிவதில்லை.

மூன்று நாடுகள், மூன்று பாடங்கள்

செனகல் நாட்டின் தலைநகர் டக்காருக்கு அருகில் தியாரோய் என்ற இடம். முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் நாடு. பற்றரி உடைத்த மண்ணில் ஈயம் இருக்கிறது என்று தெரிந்ததும், அதைச் சலித்து விற்றால் நாலு காசு கிடைக்கும் என்று பெண்கள் மண்ணை வீட்டுக்குக் கொண்டு வந்தார்கள். 2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையில் 18 பிள்ளைகள் மௌத்தானார்கள். அந்தத் தாய்மாருக்குப் பிள்ளைப் பாசம் குறைவாக இருக்கவில்லை. அந்த மண் என்ன செய்யும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

நைஜீரியாவின் ஸம்ஃபாரா மாநிலம். அதுவும் முஸ்லிம்களின் பூமி. தங்கம் கலந்த கல்லை வீட்டு முற்றத்தில் இடித்தார்கள். அந்தக் கல்லில் ஈயமும் இருந்தது. 2010 இல் 400 க்கும் மேற்பட்ட பிள்ளைகள் மரணித்ததாக அங்கு பணியாற்றிய எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு மதிப்பிட்டது. முதலில் வீட்டு முற்றத்து மண்ணை அகற்றி, பிறகே பிள்ளைக்கு மருந்து என்ற ஒழுங்கில் அங்கு வேலை செய்ய வேண்டியிருந்தது. நஞ்சான முற்றத்துக்கே பிள்ளை திரும்பிப் போகுமானால் மருந்தால் பிரயோசனமில்லை.

மூன்றாவது, நல்ல செய்தி. பங்களாதேஷின் கிராமங்களில் கர்ப்பிணிகளின் இரத்தத்தில் ஈயம் ஏன் கூடுகிறது என்று ஆய்வாளர்கள் தேடிப் போனார்கள். மஞ்சளில் கலந்த சாயத்தில் வந்து நின்றது. 2019 இல் அது வெளியானதும் அந்நாட்டின் உணவுப் பாதுகாப்பு அதிகார சபை களத்தில் இறங்கியது. பத்திரிகைகள் எழுதின, சந்தைகளில் அறிவித்தல் ஒட்டப்பட்டது, வியாபாரிகளைக் கூட்டி விளக்கம் சொல்லப்பட்டது. டாக்காவின் பெரிய மொத்தச் சந்தைக்குக் கருவியோடு போய்ச் சோதித்து, கலப்படம் செய்தவர்களுக்குத் தண்டப்பணம் விதித்தார்கள். 2019 இல் பரிசோதித்த சந்தை மஞ்சள் மாதிரிகளில் 47 சதவீதத்தில் ஈயம் இருந்தது. 2021 இல் அது பூச்சியம்.

இதில் எமக்குள்ள பாடம் என்னவென்றால், அங்கே யாரும் "கவனமாக இருங்கள்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகவில்லை. பொருளின் பெயரைச் சொன்னார்கள், கலப்பவரிடம் போய்ச் சொன்னார்கள், கேட்காதவரைச் சட்டத்தின் முன் நிறுத்தினார்கள். அறிவூட்டலும் அமுலாக்கமும் ஒன்றாகப் போனதால் இரண்டே வருடத்தில் முடிந்தது.

மிம்பரில் இருந்து தொடங்கலாம்

எமக்கு எந்த அமைச்சுக்கும் இல்லாத ஒரு வசதி இருக்கிறது. வாரத்துக்கு ஒருமுறை ஊரின் ஆண்கள் எல்லோரும் ஒரே இடத்தில் அமைதியாக இருந்து செவிமடுக்கிறார்கள். 2020 மார்ச்சில் ஜும்ஆவை நிறுத்தி வீட்டில் தொழுமாறு ஜம்இய்யத்துல் உலமா சொன்னபோது, மனம் கனத்தாலும் நாடு முழுவதும் பள்ளிவாசல்கள் கட்டுப்பட்டன. சுகாதாரச் செய்தியை எமது சமூகம் ஏற்காது என்று சொல்பவர்களுக்கு இதுவே பதில். சரியானவர் சரியான இடத்தில் சொன்னால் ஏற்கும்.

சுர்மா விடயத்தில் ஆலிம்களின் பங்கு மிகப் பெரியது. நபி (ஸல்) அவர்கள் சிலாகித்த இஸ்மித் பற்றிய ஹதீஸ்கள் இருக்கின்றன. அதனால் சுர்மாவைத் தொட்டுப் பேசுவது சுன்னாவைத் தொட்டுப் பேசுவதாகச் சிலர் நினைக்கக்கூடும். மார்க்கத் தீர்ப்புச் சொல்வது என் வேலையல்ல. ஆனால் சீசாவின் மேல் இஸ்மித் என்று எழுதியிருப்பதால் உள்ளே இருப்பது இஸ்மித் ஆகிவிடாது. கறுத்து மினுங்கும் ஈயக் கனிமத்தை இடித்தாலும் அதே போலத்தான் இருக்கும். தீங்கு தவிர்க்கப்பட வேண்டும் என்ற ஃபிக்ஹு விதியை நன்கு அறிந்த ஆலிம்கள் இதை மக்களுக்கு விளக்கினால், ஒரு வைத்தியர் நூறு தடவை சொல்வதை விடப் பலன் கிடைக்கும்.

2013 இல் ஹலால் சான்றிதழுக்கு எதிராக எழுந்த பிரசாரத்தை நாம் மறக்கவில்லை. அந்த லேபிள் எமது உரிமை என்று உறுதியாக நின்றோம். ஆனால் அல்குர்ஆன் ஹலாலைச் சொல்லும் இடங்களில் தய்யிபையும் சேர்த்துச் சொல்கிறது. ஹலாலா என்று கேட்கப் பழகிய நாம், இது தூய்மையானதா, உடம்புக்கு ஆகுமானதா என்று கேட்கப் பழகவில்லை. ஈயம் அந்தக் கேள்வியை எமக்கு முன்னால் வைக்கிறது.

ஜும்ஆவில் சொன்னால் மட்டும் போதாது. அங்கு இருப்பவர்கள் வாப்பாமார். பிள்ளையை வளர்ப்பது, வீட்டைக் கூட்டுவது, சுர்மா இடுவது உம்மாமாரும் உம்மும்மாமாரும். எனவே பெண்கள் மத்ரஸாக்கள், கிளினிக் நாட்கள், பாலர் பாடசாலைப் பெற்றோர் கூட்டங்கள் ஆகியவற்றுக்கும் இது போக வேண்டும். குடும்ப நல உத்தியோகத்தரையும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரையும் பள்ளிவாசல் நிர்வாகம் அழைக்கலாம். சொல்ல வேண்டியவை சிலவே:

பிள்ளையின் கண்ணுக்குச் சுர்மா வேண்டாம். பற்றரியும் ஈயம் வார்ப்பதும் வீட்டு வளவுக்குள் வேண்டாம். அந்த வேலை செய்பவர் குளித்து உடுப்பு மாற்றிய பிறகே பிள்ளையைத் தொடட்டும், அந்த உடுப்பைத் தனியாகக் கழுவட்டும். பழைய பெயின்ட்டை நனைத்து உரசுங்கள், அந்த நேரம் பிள்ளைகளையும் கர்ப்பிணிகளையும் அடுத்த வீட்டுக்கு அனுப்புங்கள். தரையைக் காய்ந்த விளக்குமாறால் கூட்டுவதை விட ஈரத்துணியால் துடையுங்கள். சாப்பிட முன் பிள்ளையின் கையைக் கழுவுங்கள். முடிந்தால் மஞ்சளை முழுதாக வாங்கிக் கழுவிக் காயவைத்து இடியுங்கள். முருங்கைக்கீரை, நெத்தலி, முட்டை, பால் என்று இரும்பும் கல்சியமும் சேரும் சாப்பாட்டைக் கொடுங்கள். வெறும் வயிற்றில் ஈயம் வேகமாக ஏறும்.

இவற்றைச் சொல்லும்போது ஓர் எச்சரிக்கையும் தேவை. விழிப்புணர்வு என்ற பெயரில் எல்லாப் பொறுப்பையும் தாய்மாரின் தலையில் கட்டிவிட்டுப் போவது எமது நாட்டில் வழக்கம். ஒரு தாய் தரையை எத்தனை தடவை துடைத்தாலும், அடுத்த வளவில் அனுமதியின்றிப் பற்றரி உருக்கினால் அவளால் என்ன செய்ய முடியும்? கடையில் வாங்கும் பொருளில் என்ன இருக்கிறது என்று அவளால் எப்படிக் கண்டுபிடிக்க முடியும்? அது அரசின் வேலை. எமது பாராளுமன்ற உறுப்பினர்களும் பிரதேச சபை உறுப்பினர்களும் கேட்க வேண்டிய கேள்விகள் இவை: சந்தையிலுள்ள சுர்மா, மஞ்சள், விளையாட்டுப் பொருட்கள், அலுமினியச் சட்டிகள் ஆகியவற்றை யார் பரிசோதிக்கிறார்கள்? அந்த முடிவுகள் ஏன் மக்களுக்குத் தெரிவதில்லை? ஆபத்தான இடங்களில் வாழும் பிள்ளைகளின் இரத்தத்தை இலவசமாகப் பரிசோதிக்க மாவட்டத்துக்கு ஒரு வசதியாவது செய்ய முடியாதா? பற்றரித் தொழில் செய்பவர்களைத் துரத்துவதற்குப் பதிலாக, குடிமனைகளுக்கு அப்பால் பாதுகாப்பான இடமும் அனுமதிப்பத்திரமும் பெற உதவ முடியாதா?

நாற்பது வீட்டுக்குத் திரும்புகிறேன். அன்று நான் வாசித்ததை மாமிக்குப் பக்குவமாகச் சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு பஞ்சை வெந்நீரில் நனைத்துப் பிள்ளையின் கண்ணோரத்தை அவரே துடைத்துவிட்டார். "முந்தியே யாராவது சொல்லியிருந்தா நான் வாங்கியே இருக்க மாட்டேனே" என்றார்.

சீசா இப்போது என் அலுமாரியில், பிள்ளைகளின் கைக்கு எட்டாத தட்டில் இருக்கிறது. அதற்குள் என்ன இருக்கிறது என்று எனக்கு இன்னும் தெரியாது. எங்கே கொடுத்துப் பரிசோதிப்பது என்று சுகாதாரத் துறையில் உள்ள இருவரிடம் கேட்டேன். அவர்களுக்கும் தெரியவில்லை. ஒரு சாதாரண குடிமகன் தன் வீட்டுப் பிள்ளையின் கண்ணில் இடுவதை எடுத்துச் சென்று கேட்பதற்கு ஓர் இடம் வேண்டும். அந்த இடம் வரும்வரை, ஜும்ஆவுக்கு ஜும்ஆ, வீட்டுக்கு வீடு நாமே சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதுதான். பிள்ளைகள் அல்லாஹ் எம்மிடம் தந்த அமானிதம். நாம் அறிந்தும் சொல்லாமல் இருந்ததற்கு நாளை எம்மிடமே கேள்வி கேட்கப்படும்.